பூட்டிய கிடங்குகளும் திறந்த கலைக்கூடங்களும்

வங்கிப் பணியில் சேரும் இளநிலை அதிகாரி கற்றுக்கொள்ளும் முதற்பாடங்களுள் ஒன்று சரக்கிருப்பு ஆய்வு. சரக்கை ஈடாகக் காட்டிக் கடன் பெற்ற வாடிக்கையாளரின் கிடங்குக்குச் சென்று மூட்டைகளை எண்ண வேண்டும். பதிவேட்டிலுள்ள எண்ணிக்கையுடன் ஒப்பிட வேண்டும். ஒன்றிரண்டு மூட்டைகளில் குத்தூசியைச் செலுத்தி, உள்ளிருப்பது சரக்குத்தானா என்று உறுதி செய்ய வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் கையொப்பமிட்டுத் திரும்பலாம். கிடங்கின் சுவரையோ கூரையையோ ஏறிட்டுப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் கொச்சியில் பணியாற்றினோம். மட்டாஞ்சேரியில் மிளகு வணிகர் ஒருவரின் கிடங்கு நம் ஆய்வுப் பொறுப்பில் இருந்தது. தேக்கு உத்தரங்களும் நாட்டு ஓடுகளும் கொண்ட நீண்ட கட்டடம். பின்கதவைத் திறந்தால் காயல். மூட்டைகள் மாதந்தோறும் குறைந்துவந்தன. ஒருநாள் அம்முதியவர், “சாரே, ஓடு மாற்ற ஒரு சிறிய கடன் வேண்டும். மிளகு போனாலும் கட்டடம் நிற்க வேண்டுமல்லவா?” என்று கேட்டார். விதிமுறைகளைப் பார்த்தோம், வருவாயைப் பார்த்தோம். “கட்டடம் பழையது, வருவாய்க்கு உதவாது, பரிந்துரைக்க இயலவில்லை” என்று அறிக்கை எழுதினோம்.

விதிப்படி அந்த அறிக்கையில் பிழையில்லை. எனினும், அண்மைக் காலத்தில் நம் நாட்டின் பல நகரங்களில் நாம் கண்ட காட்சிகள், அந்த வரியை மீண்டும் மீண்டும் நினைவூட்டின. வருவாய்க்கு உதவாது எனக் கைவிடப்பட்ட கிடங்குகளும் துறைமுகக் கொட்டகைகளும் கோட்டைகளும் இன்று ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இசைக்கும் இடம் கொடுத்து நிற்கின்றன. அவற்றுள் நாம் சென்று மகிழ்ந்த சிலவற்றை வாசகர்களுக்கு மனமாரப் பரிந்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்நீர் நிரம்பிய கூடம்

முதலிடம் கொச்சிக்கே. ‘பினாலே’ என்பது இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் கலைவிழாவைக் குறிக்கும் இத்தாலியச் சொல். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு ஓவியர்கள் முன்னின்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே, 2012 டிசம்பர் 12 அன்று, அதாவது 12-12-12 அன்று, முதன்முதலாகக் கதவு திறந்தது. பெயரிலுள்ள முசிறி நமக்கு அயலானதன்று. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதாகச் சங்கப் புலவர் பாடிய அதே துறைமுகம்தான். 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அத்துறை தூர்ந்துபோகக் கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்பர்.

முதல் ஐந்து பதிப்புகளிலும் முதன்மை அரங்காக விளங்கியது ஃபோர்ட் கொச்சியிலுள்ள ஆஸ்பின்வால் மாளிகை. 1867இல் தோன்றிய ஓர் ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் அலுவலகங்களும் கிடங்குகளும் அடங்கிய கடலோர வளாகம் அது. தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, மஞ்சள், கயிறு, தேயிலை என மலபாரின் விளைபொருள்கள் கப்பலேறிய இடம். சரக்கு போய்விட்ட பின்னர் வெறுமையாய்க் கிடந்த அக்கூடங்களில் கலைஞர்கள் குடியேறினர்.

முதற்பதிப்பில் விவான் சுந்தரம் அமைத்த படைப்பு, இடத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவை நமக்கு உணர்த்தியது. முசிறியாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதும் பட்டணம் என்னும் ஊரின் அகழாய்வில் கிடைத்த எண்ணற்ற பானையோடுகளைக் கொண்டு தரையில் ஒரு நகரத்தையே அவர் விரித்திருந்தார். ‘கருப்புப் பொன்’ என்று பொருள்படும் தலைப்பு, மிளகைச் சுட்டியது. உடைந்த ஓட்டுக்குச் சந்தையில் விலையில்லை. ஆயினும் அந்தக் கூடத்தில் நின்றபோது, இரண்டாயிரம் ஆண்டு வணிகத்தின் கணக்குப் பதிவேடு நம் முன் திறந்து கிடப்பதாகவே தோன்றியது.

2016ஆம் ஆண்டுப் பதிப்பில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரித்தாவின் படைப்பைக் கண்டோர் அதை மறப்பது அரிது. நீண்ட கிடங்கு ஒன்றில் முழங்கால் அளவுக்குக் கடல்நீர் நிரப்பப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றி, ஆடையை உயர்த்திக்கொண்டு நீரில் நடந்துசென்றால்தான் மறுகோடியிலுள்ள சுவரில் எழுதியிருந்த கவிதையைப் படிக்க முடியும். 2015இல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் ஒளிப்படத்தை உலகம் முழுவதும் பார்த்தது. அதே விபத்தில் இறந்த அவன் அண்ணன் காலிப்பை யாரும் பார்க்கவில்லை. அந்தக் காணப்படாத சிறுவனுக்கே கவிஞர் தம் படைப்பை உரித்தாக்கியிருந்தார். நம் முன்னே நடந்துகொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டனர். நீர் அலம்பும் ஓசை மட்டுமே கேட்டது.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் புரட்டிப்போட்டது. நான்கே மாதங்களில், அதே டிசம்பர் 12 அன்று, நான்காம் பதிப்பு தொடங்கியது. அதன் காட்சி நெறியாளராக இருந்த அனிதா துபே, அப்பொறுப்பேற்ற முதற்பெண்மணி. பங்கேற்ற கலைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். பெருந்தொற்றினால் தள்ளிப்போன ஐந்தாம் பதிப்பு 2022இல் நடைபெற்றது. ஆறாம் பதிப்பு, கோவாவில் வாழும் நிகழ்கலைஞர் நிகில் சோப்ராவின் நெறியாள்கையில் 2025 டிசம்பர் 12 முதல் 2026 மார்ச் 31 வரை என்று அறிவிக்கப்பட்டுத் தொடங்கியது.

கொச்சிக்குச் செல்வோர் ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிட முயல வேண்டா. எர்ணாகுளத்திலிருந்து படகிலோ வாட்டர் மெட்ரோவிலோ ஃபோர்ட் கொச்சிக்குச் செல்லுங்கள். காலையில் இரண்டு அரங்குகள், மாலையில் ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். நாடெங்குமுள்ள கலைக்கல்லூரி மாணவர்களின் படைப்புகளுக்கென 2014 முதல் தனியாக நடைபெறும் மாணவர் பினாலேயைத் தவறவிடாதீர்கள். பெரிய பெயர்கள் இல்லாத அந்தக் கூடங்களில்தான் நாம் மிகுதியான நேரம் நின்றிருக்கிறோம்.

மீன்துறையும் அரசுக் குடியிருப்பும்

மும்பை கொலாபாவிலுள்ள சசூன் துறை 1875இல் கட்டப்பட்டது. பருத்தி வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய சசூன் குடும்பத்தாரின் பெயரைத் தாங்கிய அத்துறை, இன்று நகரின் பெரிய மீன்சந்தைகளுள் ஒன்று. விடியற்காலையில் படகுகள் வந்தடையும்போது ஏலம் கேட்கும் குரல்களும், கூடை சுமக்கும் கோளி இனப் பெண்களின் விரைவும், மூக்கைத் துளைக்கும் மீன்வாடையும் சேர்ந்து அவ்விடத்தை நிரப்பும்.

2017 நவம்பரில் ‘ஸ்டார்ட் இந்தியா’ என்னும் தெருக்கலை அமைப்பு, அங்கே பயனற்றுக் கிடந்த கிடங்குகளில் ஒரு கலைக்காட்சியை நடத்தியது. நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த கலைஞர்கள் சுவர்களில் தீட்டினர். துறையில் உழைக்கும் மக்களின் முகங்கள் பேரளவு ஒளிப்படங்களாகச் சுவர்களில் ஒட்டப்பட்டன. நாள்தோறும் மீன் சுமந்த பெண்கள் தம் முகத்தைத் தாமே சுவரில் கண்டனர். தென்மும்பையில் வாழ்ந்தும் அதுவரை அத்துறைக்குள் காலெடுத்து வைக்காத பலர், வாடையைப் பொருட்படுத்தாமல் உள்ளே வந்தனர். 2022 டிசம்பரில் மும்பை நகரக் கலைவிழாவின்போதும் சசூன் துறை மீண்டும் கலைக்கூடமாயிற்று.

அதே அமைப்பின் கைவண்ணத்தை ஆண்டு முழுவதும் கட்டணமின்றிக் காண விரும்புவோர் தில்லி லோதி காலனிக்குச் செல்லலாம். 1940களில் அரசு ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. உயரமான வளைவுகளும் அகன்ற வெற்றுச் சுவர்களும் கொண்ட அத்தெருக்களில், கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடையே, ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் உள்ளன. ஓவியத்தின் கீழே துணி உலர்கிறது; அருகே பிள்ளைகள் மட்டைப்பந்து ஆடுகின்றனர். கலைக்கூடத்தின் அமைதியில் நாம் உணரும் தயக்கம் அங்கே எழுவதில்லை. இதே அமைப்பு 2020இல் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களிலும் ஓவியங்களைத் தீட்டியதை நம் சென்னை வாசகர்கள் அறிந்திருப்பர்.

இவ்வமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான ஹனீஃப் குரேஷியின் மற்றொரு பணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கடைப்பெயர்ப் பலகைகளைக் கையால் எழுதிய தெருவோவியர்கள், அச்சிட்ட பிளெக்ஸ் தட்டிகள் வந்தபின் தொழிலிழந்தனர். அவர்களைத் தேடிச் சென்று, ஒவ்வொருவரின் எழுத்துவடிவத்தையும் கணினி எழுத்துருவாக மாற்றி, அதை வரைந்தவரின் பெயரிலேயே பதிவுசெய்யும் முயற்சியை அவர் மேற்கொண்டார். 2024இல் அவர் மறைந்தார். ஒரு தொழில் அழிந்தாலும் அதன் கைத்திறன் அழியாமல் காக்கலாம் என்பதற்கு அவர் விட்டுச்சென்ற எழுத்துருக்கள் சான்று.

பழைய மருத்துவக் கல்லூரியில் ஒரு கலைவிழா

ஆண்டுதோறும் டிசம்பரில் கோவாவின் பணஜி நகரம் செரண்டிபிட்டி கலைவிழாவுக்காக விழித்திருக்கும். தொழிலதிபர் சுனில் காந்த் முஞ்சால் உருவாக்கிய அறக்கட்டளை 2016இல் தொடங்கிய விழா இது. ஒரு வாரத்துக்கும் மேலாக நடைபெறும் இவ்விழாவில் ஓவியம், ஒளிப்படம், நாடகம், நடனம், இசை ஆகியவற்றோடு கைவினையும் சமையற்கலையும் இடம்பெறுகின்றன. முன்பதிவு செய்துகொண்டால் நுழைவு இலவசம்.

இங்கும் அரங்குகளே முதலில் கண்ணைக் கவர்கின்றன. மாண்டவி ஆற்றங்கரையிலுள்ள அடில்ஷா அரண்மனை, பீஜப்பூர் சுல்தானின் மாளிகையாக இருந்து, போர்த்துக்கீசிய ஆளுநர்களின் இருப்பிடமாகி, பின்னர் கோவாவின் தலைமைச் செயலகமாகச் செயற்பட்ட கட்டடம். அருகிலுள்ள பழைய மருத்துவக் கல்லூரி வளாகமோ, 1842இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மரபில் வந்தது. கல்லூரி பாம்போலிமுக்கு இடம்பெயர்ந்த பிறகு வெறுமையான அறைகளில், இப்போது நெசவும் மண்பாண்டமும் மூங்கில் வேலையும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

கைவினைப் பிரிவை நாம் சிறப்பாகப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நெசவாளருக்கும் குயவருக்கும் கடன் வழங்கும்போது தறி எத்தனை, சூளை எத்தனை என்றே கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு சேலையின் ஓரத்தில் கரை எப்படி உடலோடு இணைக்கப்படுகிறது என்பதைத் தறியின் அருகே நின்று பார்த்தவருக்கு, அதன் விலையைப் பேரம் பேசிக் குறைக்க மனம் வராது. கைவினைப் பொருளை ஒரு கலைப்பொருளுக்குரிய மதிப்போடு, நல்ல ஒளியில், செய்தவரின் பெயரோடு வைத்துக் காட்டுவது வெறும் அலங்காரமன்று. அது அவருடைய கூலியை உயர்த்தக்கூடிய செயல்.

கோட்டைக்குள் கமாய்ச்சா

இசையை நாடுவோருக்கு நம் பரிந்துரை ஜோத்பூர். 1459இல் அடித்தளமிடப்பட்ட மேஹ்ரான்கர் கோட்டையில், 2007 முதல் ராஜஸ்தான் சர்வதேச நாட்டுப்புற இசைவிழா நடைபெற்றுவருகிறது. சரத் பூர்ணிமாவையொட்டி, பெரும்பாலும் அக்டோபரில், ஐந்து நாள்கள் கோட்டையின் முற்றங்களும் மதிற்புறங்களும் மேடைகளாகின்றன. விடியற்காலையில் ஜஸ்வந்த் தடா நினைவுமண்டபத்தின் வெண்பளிங்குப் படிகளில் அமர்ந்து, கதிரவன் எழும்வரை பாட்டுக் கேட்பது தனி அனுபவம்.

அங்கே கட்டாயம் கேட்க வேண்டியவர்கள் மாங்கணியார், லங்கா ஆகிய இரு சமூகத்தாரும். தலைமுறை தலைமுறையாகப் பாடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். மாங்கணியார் இசுலாமியர், அவர்களை ஆதரித்துவந்த குடும்பங்களோ பெரும்பாலும் இந்துக்கள். அக்குடும்பங்களின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய அனைத்துக்கும் இவர்களே பாடுவர். வம்சாவளியையும் இவர்களே நினைவில் வைத்திருப்பர். மாமரத்தைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்திச் செய்யப்படும் கமாய்ச்சா என்னும் வில்வாத்தியம் இவர்களுக்கே உரியது. அதன் கனத்த ஒலி, பாலைவனத்தின் இரவுக்கென்றே அமைந்ததுபோலிருக்கும்.

இந்த இசை உலகின் காதுக்கு எட்டியதில் ஜோத்பூரைச் சேர்ந்த கோமல் கோத்தாரிக்குப் பெரும் பங்குண்டு. எழுத்தாளர் விஜயதான் தேத்தாவோடு சேர்ந்து 1960இல் போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். புரவலர் குடும்பங்களின் ஆதரவு தளர்ந்துவந்த காலத்தில், மேடை என்னும் புதிய புரவலரை அவர் இப்பாடகர்களுக்குத் தேடித்தந்தார். இன்று கோட்டையில் சீட்டு வாங்கி அமரும் நாம் ஒவ்வொருவரும் அந்தப் புரவலர் வரிசையில் சேர்ந்துவிடுகிறோம்.

பயணத்துக்கு ஒரு திட்டம்

இத்தகைய விழாக்களில் குறையே இல்லை என்று கூறினால் அது நேர்மையாகாது. 2022இல் கொச்சிப் பதிப்பின் முதன்மைக் காட்சி, அறிவித்த டிசம்பர் 12 அன்று திறக்கப்படாமல் டிசம்பர் 23க்குத் தள்ளிவைக்கப்பட்டது. தொலைவிலிருந்து வந்தோர் பலர் ஏமாற்றமடைந்தனர். பழைய கட்டடங்களில் மழைநீர் ஒழுகும், மின்விசிறி இராது, முதியோருக்கு ஏறுபடிகள் சிரமம் தரும். சில படைப்புகள் புரியவும் செய்யா. புரியவில்லை எனில் வெட்கப்பட வேண்டியதில்லை. அங்கே நிற்கும் இளம் தன்னார்வலரிடம் கேளுங்கள். அவர்கள் மகிழ்ச்சியோடு விளக்குவர்.

செலவைப் பொறுத்தவரை, வங்கியாளர் என்ற முறையில் சில சொற்கள். இதற்கென்று தனிநபர்க் கடன் வாங்க வேண்டா. கடன் அட்டையின் தவணைத் திட்டமும் வேண்டா. குடும்பத்தின் பெயரில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, மாதந்தோறும் இயன்ற சிறுதொகையைச் செலுத்திவாருங்கள். அக்டோபரில் ஜோத்பூர், டிசம்பரில் பணஜி, அடுத்த மூன்று மாதங்களில் கொச்சி, குளிர்காலத்தில் தில்லி என ஓராண்டுக்கு ஓரிடம் போதும். இருப்பூர்திச் சீட்டும் தங்குமிடமுமே பெருஞ்செலவு. காட்சிகளுக்கான கட்டணம் அவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. புறப்படுமுன் விழாவின் அதிகாரபூர்வ அறிவிப்பில் நாள்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.

மீண்டும் அந்தக் கிடங்கு

சென்ற டிசம்பரில் கொச்சிக்குச் சென்றபோது, மட்டாஞ்சேரியில் அந்தப் பழைய தெருவுக்கும் போனோம். கிடங்கு இருக்காது என்றே எண்ணியிருந்தோம். கதவு திறந்திருந்தது. உள்ளே, விழாக்காலத்தையொட்டி இளம் ஓவியர் சிலர் வாடகைக்கு எடுத்து நடத்திய சிறிய கண்காட்சி. சுவரெங்கும் வெள்ளை பூசப்பட்டிருந்தது. ஒரு மூலை மட்டும் பூசப்படவில்லை. நான்கு கோடுகளின் மேல் குறுக்காக ஒரு கோடு என, மூட்டைகளை எண்ணியபோது சுண்ணாம்புக் கட்டியால் இட்ட குறிகள் அங்கே அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றி மெல்லிய சட்டம் ஒன்றை ஓவியர்கள் பொருத்தியிருந்தனர். அக்குறிகளுள் சிலவற்றை நாமே நின்று எண்ணிச் சரிபார்த்திருக்கக்கூடும்.

முதியவர் காலமாகிவிட்டார். அவருடைய பேரன், முப்பது வயது இளைஞர், வாசலில் அமர்ந்திருந்தார். நாம் யாரென்று சொன்னோம். எழுதிய அறிக்கையையும் மறைக்கவில்லை. அவர் சிரித்தார். “பாட்டி வளையலை விற்றுத்தான் தாத்தா அப்போது ஓடு மாற்றினார், சார். அதனால்தான் இன்று இது நிற்கிறது” என்றார். விழா நடக்கும் மாதங்களில் வரும் வாடகை, கட்டடத்தைப் பேணப் போதுமானதாக இருக்கிறதாம். அடுத்த விழா வரை மறுபடியும் பூட்டுத்தான். “ஆள் வந்தால் திறந்து வைக்கலாம்” என்று சொல்லிவிட்டு, நமக்குத் தேநீர் வாங்கிவர எழுந்தார்.

அந்த ஓட்டின் விலையைத் தந்தது வங்கியன்று, ஒரு மூதாட்டியின் வளையல். கதவு திறந்திருக்க வேண்டுமாயின் இனித் தேவைப்படுவது நம் வருகை. வாசலில் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கையொப்பமிட்ட அதே இடத்தில் மீண்டும் ஒருமுறை கையொப்பமிட்டோம். குறிப்பு என்ற கட்டத்தில், “கட்டடம் பழையது, பரிந்துரைக்கிறோம்” என்று எழுதிவிட்டு வந்தோம்.